டர்பனில் ஒரு சனிக்கிழமை, நான்கு குவளை பீர்

கேள்வி: அலுவலகப் பயிற்சிக்காக மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வருகிறேன். சனிக்கிழமை முழுவதும் ஓய்வு. பீர் எனக்கு மிகவும் பிடிக்கும். நண்பர் ஒருவர் பன்னிரண்டு பப்களின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? எங்கே என்ன குடிக்கலாம்?

பதில்:

முடியும். பன்னிரண்டு பப்களுக்கும் போய்வர ஒரு சனிக்கிழமை போதும். ஆனால் ஏழாவது இடத்தில் குடித்தது லாகர் வகை பீரா, ஏல் வகை பீரா என்பது மறுநாள் உங்களுக்கு நினைவிருக்காது. நான் இந்த ஊருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கரும்பு ஆலை ஆய்வகத்தில் வேலை. பகலில் கரும்புச் சாறு புளித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில்; வார இறுதியில் வீட்டில் சிறிய அளவில் பீர் காய்ச்சுவது என் விருப்பம். ஊரிலிருந்து வரும் நண்பர்களை அழைத்துக்கொண்டு சுற்றிய பழக்கத்தில் சொல்கிறேன்: நான்கு இடம், நான்கு பீர். அவ்வளவுதான். மீதி எட்டை விட்டுவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இங்கே சிறிய பாட்டிலை ‘டம்பி’ என்பார்கள், 340 மில்லி. 5 சதவீத பீர் என்றால் அதில் 17 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 மில்லியைத்தான் கரைக்கும். ஆக, ஒரு டம்பி உடம்பை விட்டுப் போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. பெரிய பாட்டிலுக்கு ‘குவார்ட்’ என்று பெயர், 750 மில்லி. 5.5 சதவீத பீரை அந்த அளவில் தனியாகக் குடித்தால் நான்கு மணி நேரம். காலை பதினொன்றிலிருந்து இரவு எட்டு வரை உங்களுக்கு ஒன்பது மணி நேரம் இருக்கிறது. நான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். இங்கே சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. உபேர் எளிதாகக் கிடைக்கிறது. நாள் முழுவதும் அதிலேயே போங்கள். இருட்டிய பிறகு நகர மையத்தில் நடந்து திரிய வேண்டாம். கடற்கரை மணலில் பாட்டிலைத் திறப்பதும் குற்றம்.

காலையில் போக வேண்டிய முதல் இடத்தில் குடிக்க ஒன்றும் கிடையாது. பிராம் ஃபிஷர் சாலையில் இருக்கும் க்வாமுஹ்லே அருங்காட்சியகம் அது. முன்பு கறுப்பின மக்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கி, அவர்கள் எங்கே தங்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்று தீர்மானித்த அலுவலகம் இயங்கிய கட்டடம். பீர் குடிக்க வந்தவனை அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறாரே என்று நினைக்காதீர்கள். இந்த நகரம் கறுப்பின மக்களை நிர்வகித்ததே ஒரு காலத்தில் பீர் விற்ற காசில்தான்.

1908-ல், டர்பன் இருந்த நேட்டால் காலனியில் ஒரு சட்டம் வந்தது. கறுப்பின மக்களுக்கான சோள பீரைக் காய்ச்சவும் விற்கவும் நகராட்சிக்கு மட்டுமே உரிமை என்றது அந்தச் சட்டம். மறு ஆண்டிலிருந்து டர்பன் நகராட்சி தன் சொந்த பீர் ஹால்களைத் திறந்தது. பெண்கள் காலங்காலமாக வீட்டில் காய்ச்சிவந்த பானம் ஒரே நாளில் திருட்டுச் சரக்கு ஆனது. ஆண்கள் பீர் ஹாலில் கொட்டிய காசைக் கொண்டு அவர்கள் தங்கும் விடுதிகளையும், அவர்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தையும் நகராட்சி நடத்தியது. கட்டுப்படுத்தப்படுகிறவன் பையிலிருந்தே கட்டுப்பாட்டின் செலவை எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ‘டர்பன் முறை’ என்றே பெயர் ஏற்பட்டது. நாட்டின் மற்ற நகரங்களும் இதைப் பின்பற்றின. 1929-ல் பீர் ஹால்களைப் புறக்கணிக்கும் போராட்டம் வெடித்து உயிர்கள் போயின. 1959 ஜூன் மாதம் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் கைத்தடிகளோடு பீர் ஹாலுக்குள் நுழைந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டினார்கள். வீட்டில் தாங்கள் காய்ச்சியதைப் போலீஸ் மண்ணில் கொட்டுகிறது, கணவன்மாரோ கூலியை நகராட்சியிடம் கொடுத்துக் குடித்துவிட்டு வருகிறார்கள் என்பது அவர்கள் கோபம். அந்தக் கேட்டோ மேனரில்தான் ஒப்பந்தக் கூலி முடிந்த நம் ஆட்கள் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து இருவரையும் அங்கிருந்து அகற்றியது. நம்மவர்கள் சாட்ஸ்வொர்த்துக்கும், அவர்கள் க்வாமாஷுவுக்கும் போனார்கள்.

கறுப்பின மக்கள் கடையில் லாகரோ பிராந்தியோ சட்டப்படி வாங்க முடிந்தது 1962-க்குப் பிறகுதான். அதற்கு முன் அவர்களுக்கென்று இருந்தவை நகராட்சி பீர் ஹாலும், உரிமம் இல்லாமல் வீடுகளில் நடந்த ‘ஷெபீன்’ என்னும் குடிக்கடைகளும்தான். ஷெபீன் நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இன்று நீங்கள் பார்க்கும் ‘டாவெர்ன்’ என்னும் குடிக்கடைகள் அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள்.

இதில் ஒரு தஞ்சாவூர்க்காரர் பெயரும் வருகிறது. 1927-லிருந்து 1929 வரை இந்திய அரசின் முகவராக இந்த நாட்டில் இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. டர்பனில் சாஸ்திரி கல்லூரி இருப்பது பலருக்குத் தெரியும். அவர் பதவியில் இருந்தபோது வந்த மதுபான மசோதாவின் 104-ஆம் பிரிவு, மது விற்கும் இடங்களில் இந்தியர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அன்று நேட்டாலின் ஹோட்டல்களிலும் பார்களிலும் பரிமாறியவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்கும். சாஸ்திரி விடாமல் பேசி அந்தப் பிரிவைத் திரும்பப் பெறவைத்தார். அதனால் நம்மவர்கள் தொடர்ந்து ஊற்றிக் கொடுத்தார்கள். உட்கார்ந்து குடிக்கத்தான் அனுமதி கிடைக்கவில்லை. இதைக் கடைசியில் மறுபடியும் தொடுகிறேன்.

பகல் உணவுக்கு பன்னி சௌ. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் வேறு மாதிரி கேட்கும். பன்றிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முயலுக்கும் இல்லை. பனியா என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். முழு ரொட்டியை நான்காகவோ இரண்டாகவோ வெட்டி, நடுவே குடைந்து, குழம்பை ஊற்றித் தருவார்கள். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை மேலே வைத்திருப்பார்கள். அதைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கால் ரொட்டி போதும், அரை ரொட்டி கேட்டுவிடாதீர்கள். உம்கேனி சாலையில் இருக்கும் பழைய பிரிட்டானியா ஹோட்டல் இதற்குப் பெயர்பெற்ற இடம். அங்கே குடிக்கவும் செய்யலாம். ஆட்டுக்கறிக் குழம்போ பீன்ஸ் குழம்போ எடுத்துக்கொண்டு, பக்கத்தில் காரட்டும் பச்சை மிளகாயும் சேர்த்த ‘சம்பல்’ என்னும் பச்சடியையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் குவளை இங்கே. காசில் லாகர், ஒரு டம்பி. பெரிய நிறுவனத்தின் பீரா என்று முகம் சுளிக்க வேண்டாம். சவுத் ஆப்பிரிக்கன் ப்ரூவரீஸ் ஜோகன்னஸ்பர்கில் 1895-ல் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் தாகத்தை நம்பித் தொடங்கப்பட்டது. 2016-ல் உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனம் அதை வாங்கியது. மேற்கு கேப் மாநிலத்து வாற்கோதுமை, உள்நாட்டு மக்காச்சோளம், கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும், ஜார்ஜ் நகரைச் சுற்றி விளையும் ஹாப்ஸ் பூ என்று எல்லாமே இந்த மண்ணின் சரக்கு. மக்காச்சோளம் சேர்ப்பதால் உடல் லேசாக, முடிவு வறண்டு இருக்கும். வெயிலுக்கும் குழம்புக்கும் அது பொருந்துகிறது.

காரமான சாப்பாட்டோடு எதைக் குடிப்பது என்பதில் பலரும் தவறு செய்கிறார்கள். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எனவே பீர் அதைக் கழுவிவிடாது. குமிழும் ஆல்கஹாலும் எரிச்சலைக் கொஞ்சம் தூண்டத்தான் செய்யும். ஹாப்ஸின் கசப்பு அதைவிட மோசம். கசப்பு மிகுந்த இந்தியா பேல் ஏலை டர்பன் குழம்போடு குடித்தால் நாக்கில் தீப்பிடிக்கும். பெயரில் இந்தியா இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது கப்பலில் இந்தியாவுக்கு, வெள்ளைக்காரர்களுக்காக அனுப்பப்பட்ட பீர். உங்களுக்குத் தேவை கசப்புக் குறைந்த, மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின், இனிப்புக் கொஞ்சம் நிற்கும் பீர். லாகர் போதும். குழம்பு மிகவும் காரமாக இருந்தால் காசில் மில்க் ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர் இருக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை பீர் ஈஸ்ட்டால் நொதிக்கவைக்க முடியாது. அதனால் மில்க் ஸ்டவுட் வகைகளில் இனிப்பு அப்படியே தங்கிவிடும். ஆட்டுக்கறிக் குழம்பின் வறுத்த மசாலா வாசனையும் கருக வறுத்த மால்ட்டின் காப்பி வாசனையும் சேரும்போது எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்காது. ஆனால் அது 6 சதவீதம். காசில் லாகரோ மில்க் ஸ்டவுட்டோ, இரண்டில் ஒன்றுதான்.

இரண்டாவது குவளைக்காகத்தான் இந்த நாளே. உம்கொம்போத்தி. சூலு மொழியில் பீருக்குப் பொதுவாக உத்ஷ்வாலா என்பார்கள். நீங்கள் எந்த பப்பைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது.

நம் சோளம்தான் இதன் ஆதாரம். சோளத்தை நனைத்து, முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவு ஒரு பங்கு. மக்காச்சோள மாவு ஒரு பங்கு. வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஓர் இரவு விட்டால் லாக்டிக் பாக்டீரியா வேலை செய்து கரைசல் புளிக்கிறது. நம் வீட்டு இட்லி மாவில் நடப்பதும் இதுதான். மறுநாள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, இன்னும் கொஞ்சம் முளைச்சோள மாவைத் தூவுகிறார்கள். இரண்டாவது தடவை மாவு சேர்ப்பதில்தான் சூட்சுமம். முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி இருக்கிறது. முதலில் போட்டதன் நொதி கொதியில் செத்துவிட்டதால் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த மாவோடு வரும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குகிறது. ஒன்று இரண்டு நாளில் நுரை பொங்கும். புல்லில் பின்னிய நீண்ட வடிகட்டியில் ஊற்றிப் பிழிந்தால் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறத்தில், மோரைவிடக் கெட்டியாக ஒரு பானம் கிடைக்கும். ஆல்கஹால் 3 சதவீதம் போல இருக்கும். ஹாப்ஸ் கிடையாது. ஆகையால் நாலைந்து நாள்கூடத் தாங்காது. நொதித்துக்கொண்டிருக்கும்போதே குடிக்கப்படுகிற பீர் இது.

கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவருக்கு முதல் வாயிலேயே அடையாளம் தெரிந்துவிடும். புளிப்பு, தானிய மணம், பிறகு தொண்டையில் லேசாக ஒரு சூடு. ஐரோப்பிய பீர் மட்டுமே பழகியவர்கள் முகத்தைச் சுருக்குவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் யாரும் சுருக்கியதில்லை. ஆடி மாதத்தில் இங்கே மாரியம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவது பெரிய விழா. மக்காச்சோள மாவில், புளிப்போடு காய்ச்சுவார்கள். அதே மாவு, அதே புளிப்பு. ஒரு படி முன்னால் நிறுத்தினால் அம்மனுக்குக் கூழ், ஒரு படி மேலே போனால் முன்னோருக்கு பீர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு இந்த ஊரின் எந்தச் சாப்பாடு முதலில் பழகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாவுதான் கண்முன் வருகிறது.

எங்கே குடிப்பது? கடையில் ஒரு லிட்டர் அட்டைப் பெட்டியில் கிடைக்கிறது. இஜூபா, சிபுக்கு போன்ற பெயர்களில் வரும். உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டிருப்பதால் காற்று வெளியேற வழிவிட்டிருப்பார்கள். அதைப் படுக்கவைத்துப் பையில் போட்டால் பை வீணாகும். அடியில் மாவு தங்கும் என்பதால் குலுக்கித்தான் குடிக்க வேண்டும். ஆலைச் சரக்கு மோசமில்லை. ஆனால் வீட்டில் காய்ச்சியதன் அருகில்கூட வராது. பயிற்சி நடக்கும் இடத்தில் உங்களோடு சூலு நண்பர்கள் இருப்பார்கள். புதன்கிழமையே அவர்களிடம் சொல்லிவையுங்கள். சனிக்கிழமை என்றால் யாராவது ஒருவர் உறவில் ஒரு விசேஷம், ஒரு சடங்கு இருக்கும். விருந்தாளியை அழைத்துப்போவதை அவர்கள் மகிழ்ச்சியாகவே நினைக்கிறார்கள். அழைப்பு கிடைக்காவிட்டால் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போகலாம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சூலு வாழ்க்கையைக் காட்டும் இடங்கள் அங்கே இருக்கின்றன.

வீட்டுக்கு அழைக்கப்பட்டால் சில மரியாதைகள் இருக்கின்றன. பீர் வருவது உக்காம்பா என்னும் உருண்டையான கறுத்த மண்பானையில். மேலே இம்பெங்கே என்னும் பின்னிய மூடி. காய்ச்சிய பெண் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுவார். மேல் நுரையை அகப்பையால் எடுத்து முன்னோருக்கென்று தரையில் சிந்துவார்கள். பிறகு பானை கைமாறிக் கைமாறி வரும். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்தோ குந்தியோதான் குடிக்க வேண்டும். எனக்கு இது முதலில் தெரியவில்லை. ஆலையில் உடன் வேலை பார்த்தவரின் வீட்டில், பானை என் கைக்கு வந்ததும் நின்றபடியே வாயில் வைக்கப்போனேன். அவருடைய தாயார் என் கையைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தில் பாயைக் காட்டி, உட்கார் என்றார். கோபமே இல்லை. நான் உட்கார்ந்த பிறகு பானையின் அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அந்தப் பானை வைக்கப்பட்டிருந்தது குடிசையின் பின்பக்கத்தில், அவர்கள் முன்னோர் வந்து அமர்வதாக நம்பும் இடத்தில். எங்கள் ஊரில் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் வைக்கும் படையலைப் பற்றி அவரிடம் சொன்னேன். மகன் மொழிபெயர்க்க, கிழவி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, உங்கள் ஆட்கள் பாட்டிலை வைத்துவிட்டுத் தாங்களே குடித்துவிடுகிறார்களா, இல்லை காத்திருக்கிறார்களா என்று விசாரித்தார். காத்திருக்கிறார்கள் என்றேன். அது சரி என்றார்.

மாலை ஐந்து மணிக்கு நகரத்துக்குத் திரும்புங்கள். மூன்றாவது குவளை சிறு ஆலைகளின் பீர். இந்த நாட்டில் நவீன சிறு ஆலைகளின் கதை 1983-ல் நைஸ்னாவில் மிச்செல்ஸ் தொடங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறது. எங்கள் மாநிலத்தில் நாட்டிங்ஹாம் ரோடு ஆலை 1996-லிருந்து. டர்பனில் ஃப்ளோரிடா சாலையிலும் ஸ்டேஷன் டிரைவ் பக்கமும் குழாய் பீர் கிடைக்கும் இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கடைகள் திறப்பதும் மூடுவதுமாக இருப்பதால் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள்; குழாய்கள் அதிகம் இருக்கும், கூட்டம் இருக்கும் இடமாகப் பாருங்கள். கூட்டம் இருந்தால் பீப்பாய் சீக்கிரம் தீரும், பீர் பழசாகாது. உங்கள் நண்பரின் பட்டியலிலிருந்து இங்கே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

உட்கார்ந்ததும் பணியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நாட்டு ஹாப்ஸில் செய்த ஏல் இருக்கிறதா? ஹாப்ஸ் கொடி பூக்கும் முன் நன்றாக வளர்வதற்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். ஜார்ஜ் நகரம் நிலநடுக்கோட்டுக்கு அந்த அளவுக்குத் தொலைவில் இல்லை, பகல் போதாது. முன்பு தோட்டத்தில் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டித்தார்கள். பிறகு குறைந்த பகலிலும் நன்றாக விளையும் சொந்த வகைகளை உருவாக்கினார்கள். அவற்றில் சதர்ன் பேஷன், ஆப்பிரிக்கன் குயின் ஆகிய இரண்டையும் முகர்ந்து பார்த்தால் கொய்யாவும் பேஷன் பழமும் நெல்லிக்காய் போன்ற புளிப்பும் வரும். ஐரோப்பிய ஹாப்ஸிலோ அமெரிக்க ஹாப்ஸிலோ இந்த மணம் இப்படி இருக்காது. சாப்பாட்டுக்கு முன், நாக்கு சுத்தமாக இருக்கும்போது இதைக் குடிக்க வேண்டும். சிறு கிண்ணங்களில் நான்கைந்து வகையை ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டால் அதுவே உங்கள் மூன்றாவது குவளை, மேலே ஒன்றும் வேண்டாம். சோளத்தில் செய்த பில்ஸ்னர் வகை லாகர் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். அபிவே நுக்சானி-மாவேலா என்ற பெண்மணி, டோலோகாசி என்ற பெயரில் வெளியிடும் பீர்களில் அப்படி ஒன்று இருக்கிறது. பெண்கள் கையிலிருந்து பிடுங்கப்பட்ட தானியம் ஒரு பெண்ணின் ஆலையில் தெளிந்த பீராகப் பாட்டிலில் வருகிறது. மதியம் பானையில் குடித்ததன் நினைவோடு இதைக் குடித்துப் பாருங்கள்.

நேரத்தைப் பார்த்து, நகரத்தை ஒட்டிய கறுப்பின மக்கள் குடியிருப்பான உம்லாசிக்குப் போகலாமா என்று யாராவது கேட்பார்கள். அங்கே மேக்ஸ் லைஃப்ஸ்டைல் போன்ற டாவெர்ன்கள் நாடறிந்தவை. கறிக்கடையில் நீங்களே இறைச்சியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் கரியடுப்பில் சுட்டுத் தருவார்கள். ஷிசா ந்யாமா என்று பெயர். மேசையில் குவார்ட் பாட்டில்கள், ஒன்றுக்கு நாலு குவளை. கார்லிங் பிளாக் லேபிள் என்னும் பீரை அங்கே ஜமாலெக் என்று கேட்பார்கள். எகிப்துக் கால்பந்து அணி ஒன்றின் பெயர் அது. போக விருப்பம் இருந்தால் உள்ளூர் நண்பரோடு, வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். அன்றைக்கு ஃப்ளோரிடா சாலையை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே மாலையில் திணிக்க வேண்டாம்.

நான்காவது குவளைக்குக் கடற்கரையோரப் பழைய ஹோட்டல் ஒன்றின் பார். என் மனைவியின் பெரியப்பாவோடு நான் மாதம் ஒரு முறை போகும் இடம் அப்படிப்பட்டது. அவருடைய தந்தை அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரிமாறினார். வெள்ளை உடை, இடுப்பில் பட்டை. சாஸ்திரி காப்பாற்றிக் கொடுத்த வேலைகளில் அதுவும் ஒன்று. 1953-ல் வந்த பொது வசதிகள் சட்டம் எந்த இருக்கை யாருக்கு என்பதை எழுதிவைத்தது. 1990-ல்தான் அது நீக்கப்பட்டது. அந்தத் தந்தை தான் வேலை பார்த்த பாரில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. மகன் முதல் முறை அங்கே உட்கார்ந்தபோது அவருக்கு நாற்பது வயது. தந்தை அப்போது உயிரோடு இல்லை.

பெரியப்பா அதிகம் பேச மாட்டார். பீர் வந்ததும் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். உள்சுவரில் குமிழ்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் குவளை சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கும் இடத்தில்தான் குமிழ் ஒட்டும், நுரையும் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். அப்படியிருந்தால், “தம்பி, இதைக் கழுவிக் கொண்டுவா” என்று பணியாளரிடம் மெல்லச் சொல்வார். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது, குரலிலேயே புரிந்துகொள்வான். நுரை இரண்டு விரல் உயரம் நிற்க வேண்டும், ஒவ்வொரு மடக்குக்கும் குவளையில் ஒரு வளையம் விட்டுப் போக வேண்டும். இதெல்லாம் அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. பீர் நன்றாக இருந்தால் கடைசி வளையம் வரை எண்ணுவார்.

நீங்கள் அங்கே விண்ட்ஹூக் லாகர் கேளுங்கள். பக்கத்து நமீபியாவில், ஜெர்மானியர்கள் விட்டுச்சென்ற முறைப்படி மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்காமல் செய்வது. 4 சதவீதம்தான், நாளை முடிப்பதற்கு ஏற்றது. மதியம் குடித்த காசில் லாகரில் மக்காச்சோளம் என்ன செய்தது என்பது இதைக் குடிக்கும்போது விளங்கும். இரண்டு லாகர்களையும் அடுத்தடுத்துக் குடித்திருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. நடுவில் பானையும் ஏலும் வந்துபோனதால் நாக்கு கவனமாக இருக்கும்.

ஜன்னலோர மேசை கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை ஏழு மணிக்கு முன் போனால் கிடைக்கும். எட்டு மணிக்கு உபேரை வரவழைத்து, வண்டி வாசலுக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு எழுந்திருங்கள். எங்கள் பகுதி பள்ளத்தாக்கு போகிற வழியில்தான் இருக்கிறது. புதன்கிழமைக்குள் ஒரு வரி எழுதினால் ஆலை நண்பர் வீட்டில் அந்த வாரம் பானை வைக்கிறார்களா என்று கேட்டுச் சொல்கிறேன்.